பனி ரோட்டு உப்பும் நம்ம ஊர் மண்புழுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி, புழு உரம் போட்டு விற்கிறேன். உரம் வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி உப்பைப் பற்றியதாகவே இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறிய சொந்தக்காரப் பிள்ளைகளும் பனிக்காலம் வந்தால் அதையேதான் கேட்கிறார்கள்: ரோட்டில் கொட்டும் உப்பு தோட்டத்துப் புழுவைக் கொல்லுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ரோட்டுல எதுக்கு ஆச்சி உப்பைக் கொட்டுறாங்க? நம்ம சாப்பிடுற உப்புதானா அது?

அதே சோடியம் குளோரைடுதான். சுரங்கத்தில் வெட்டி நொறுக்கிய கல்லுப்பு. சுத்தம் செய்யாதது, கட்டி பிடிக்காமல் இருக்கச் சிறிதளவு ஃபெரோசயனைடு கலந்தது. சுத்தமான தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்புக் கரைந்தால் அதற்கும் கீழே போனால்தான் உறையும். 23 விழுக்காடு உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை நீராகவே கிடக்கும். ரோட்டில் அவ்வளவு கெட்டியான கரைசல் நிற்காது என்பதால், மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு மந்தமாகிவிடும். அதைவிடக் குளிரான இடங்களில் கால்சியம் குளோரைடோ மக்னீசியம் குளோரைடோ சேர்ப்பார்கள்.

அமெரிக்காவில் 1938இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சோதனையாகத் தொடங்கிய பழக்கம் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் பெருகியதும் எங்கும் பரவியது. கனடாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் கொட்டுகிறார்கள். அந்நாட்டு அரசே 2001இல் ஆராய்ந்து, ரோட்டு உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று அறிவித்தது. ஆனாலும் தடை செய்யவில்லை. உப்பு இல்லாவிட்டால் கார் வழுக்கி மனிதர் சாவார்கள். எப்படிச் சேமிப்பது, எப்படி அளவாகத் தூவுவது என்று 2004இல் நடைமுறை விதிகளை வகுத்ததோடு சரி.

இங்கதான் பனியே இல்லையே, நமக்கு எதுக்கு இந்தக் கதை?

நம் ஊரில் உப்பு லாரியில் வருவதில்லை, குழாயில் வருகிறது. போர்த் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர், கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷினைக் கழுவிய தண்ணீர், ஊறுகாய் ஜாடி அலசியது, தென்னைக்கு வைக்கும் கல்லுப்பு என்று வழிகள் நிறைய. புழுவுக்கு உப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரியாது.

ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே பனி உருகும்போது ஏராளமான தண்ணீர் உப்பை அடித்துக்கொண்டு போகும். இங்கே சித்திரை வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். உரப்புழு வாழ்வதும் அதே மேல்மண்ணில்தான். அதனால் இங்கே கொஞ்சம் உப்புத் தண்ணீர்தானே என்று தினமும் விடுவது, அங்கே வருடத்துக்கு ஒருமுறை கொட்டுவதைவிட மோசமாகப் போகலாம்.

உப்புப் பட்டா புழு ஏன் அப்படித் துடிக்குது?

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால் மூச்சு விடுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன் தோல் ஈரத்தில் கரைந்துதான் உள்ளே போகும். ஆகவே தோல் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். அந்த மெல்லிய ஈரத்தோலுக்கு வெளியே உப்பு கூடினால், மாவடுவில் உப்புப் போட்டதும் ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அதே மாதிரி உடம்புத் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். புழுவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை இழந்தால் மூச்சும் நிற்கும்.

நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புக் கல் பட்ட இடத்தில் முதலில் வளைந்து திமிறும். உரத்தொட்டியில் வளர்க்கும் ஐசீனியா என்ற புழு வகையாக இருந்தால் உடம்பின் மேற்புறத் துளைகளிலிருந்து மஞ்சள் நீர் கசியும், நாற்றமும் வரும். பிறகு வளையங்கள் தளர்ந்து, நூல் மாதிரி நீண்டு கிடக்கும். உடனே எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, ஈர மண்ணில் விட்டால் பிழைப்பதும் உண்டு. நூலாகிவிட்டால் கஷ்டம்.

சாதாரண மண்ணில் புழுவின் கவலையே நேர்மாறானது. மண் தண்ணீரைவிட அதன் உடம்புக்குள் உப்பு அதிகம். அதனால் உள்ளே புகும் கூடுதல் தண்ணீரை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அப்படிப் பழகிய உறுப்புகளுக்கு, உப்பு மண்ணில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வேலை வந்தால் சமாளிக்க முடிவதில்லை.

சரி, எவ்வளவு உப்பு வரைக்கும் தாங்கும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. மண், ஈரம், புழு வகை மூன்றையும் பொறுத்தது. உரத்தொட்டிக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, தீனியில் உப்பு எடையில் அரை விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது. அதாவது ஒரு கிலோவுக்கு 5 கிராமுக்குள். அதைத் தாண்டினால் ஐசீனியா ஒதுங்கப் பார்க்கும். வெறும் மண்ணில் இதைவிடக் குறைவாக இருந்தாலே தொந்தரவு தொடங்கும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. சோதனைக்கூடங்களில் எந்த ரசாயனத்தையும் பெரும்பாலும் ஐசீனியா மேல்தான் சோதிக்கிறார்கள். 1984இல் வகுத்த சர்வதேச முறையே அதை வைத்துத்தான். காரணம், அது எருவில் வாழ்வது, வளர்ப்பது சுலபம். எருவே கொஞ்சம் உப்புள்ள பொருள்தான், அதில் பிறந்து வளர்ந்த புழுவுக்கு உப்புப் பழக்கம் உண்டு. வயலில், தோட்டத்தில் மண்ணைத் தின்று வாழும் புழு அவ்வளவு தாங்காது. தென்னாப்பிரிக்காவில் இரண்டு வகையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மண்ணில் வாழும் வகைதான் முதலில் ஒடிந்தது. ஆகவே ‘தொட்டிப் புழு நல்லாத்தானே இருக்கு’ என்பதை வைத்துத் தோட்டத்து மண்ணுக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் வரப்பில் உருண்டை உருண்டையாக மண் கக்கி வைக்கும் நாட்டுப்புழு, லாம்பிட்டோ மௌரிட்டி, மண்ணில் வாழும் வகைதான்.

தொட்டியில புழு எல்லாம் உயிரோடதான் இருக்கு. ஆனா குட்டியே காணோமே, என்ன காரணம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் உப்பின் உண்மையான வேலை இங்கேதான் தெரியும். புழுவைக் கொல்லும் அளவு உப்பு வருவதற்கு வெகு முன்னாலேயே அது முட்டையிடுவதை நிறுத்திவிடும். எடையும் ஏறாது. உடம்பில் உள்ள சக்தியெல்லாம் தண்ணீரைப் பிடித்துவைப்பதிலேயே செலவாகிவிடுகிறது, வம்சத்துக்கு மிச்சம் இல்லை. இது தெரிந்துதான் பிறகு 2004இல் வேறொரு சோதனை முறை வந்தது. பெரிய புழுவை நான்கு வாரம் அந்த மண்ணில் விட்டு, எடுத்துவிட்டு, இன்னும் நான்கு வாரம் காத்திருந்து எத்தனை குட்டி வருகிறது என்று எண்ணுவார்கள். செத்ததை எண்ணுவதைவிடப் பிறந்ததை எண்ணுவதுதான் சரியான கணக்கு.

நீங்களும் பார்க்கலாம். மேல் நாலு விரல் உரத்தை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பரப்புங்கள். ஐசீனியா முட்டைக்கூடு கடுகைவிடச் சற்றுப் பெரிது, எலுமிச்சை வடிவம், இரு முனையிலும் சின்னக் கூர். புதிதாக இட்டது வைக்கோல் நிறம், நாளாக நாளாகப் பழுப்பேறி, பொரிக்கும் தறுவாயில் சிவக்கும். ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸின் கூடு இன்னும் பெரிது, ஒழுங்கற்ற வடிவம். கூடுகள் இருந்து குட்டி இல்லையென்றால் சூடோ ஈரக்குறைவோ காரணமாக இருக்கலாம். கூடே இல்லை, புழுவின் கழுத்துப் பட்டையும் மங்கிச் சப்பையாக இருக்கிறது என்றால் முதலில் நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வர்ற வேஸ்ட் தண்ணியைச் செடிக்கு விடலாமா? வீணாப் போகுதேன்னு மனசு கேக்கல.

மனசு கேட்காதது நியாயம்தான். ஊருணி வெட்டி, ஓட்டுக்கூரை மழையை முற்றத்தில் அண்டாவில் பிடித்துக் குடித்த ஊரில் தண்ணீரைச் சாக்கடையில் விட யாருக்கும் கை வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புகள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 80 லிட்டர் உள்ளே போய், 20 லிட்டர் குடிநீராகவும் 60 லிட்டர் கழிவாகவும் வருகிறது. குடிநீரில் உப்பு மிகக் குறைவு. ஆக 80 லிட்டரில் இருந்த 80 கிராமும் கிட்டத்தட்ட முழுசாக அந்த 60 லிட்டருக்குள் வந்துவிடும். லிட்டருக்கு 1,330 மில்லிகிராம். பார்வைக்குப் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் மாதத்துக்கு 2.4 கிலோ உப்புகள். அதை ஒரே பாத்தியில் வருடம் முழுவதும் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அதில் எல்லாமே சோடியம் அல்ல. கால்சியமும் மக்னீசியமும் உண்டு, அவை மண்ணை அவ்வளவு கெடுக்காது. ஆகவே என் வழக்கம்: புழுத்தொட்டிக்குச் சொட்டுக்கூட கிடையாது. தோட்டத்தில் ஒரே இடத்தில் விடாமல், தென்னை, சப்போட்டா, வேம்பு என்று மாற்றி மாற்றி விடலாம். தரை துடைக்க, கழிப்பறைக்கு, வண்டி கழுவ முதலில் பயன்படுத்துங்கள்.

சாஃப்ட்னர் கழுவுற தண்ணி?

கூடவே கூடாது. ரோட்டு உப்புக்கு நம் ஊரில் நேரான உறவினர் இதுதான். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகளைப் புதுப்பிக்கச் சுமார் 10 விழுக்காடு உப்புக் கரைசலை ஓட்டுவார்கள். கடல் தண்ணீரே 3.5 விழுக்காடுதான். அந்தக் குழாயின் வாய் தோட்டத்தைப் பார்த்து இருந்தால் இன்றே பிளம்பரைக் கூப்பிட்டுத் திருப்புங்கள். பங்களா வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றிய இடங்களில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அங்கே மெஷினும் பெரிது, கழுவுவதும் அடிக்கடி.

நகராட்சித் தண்ணியில குளோரின் வாசம் வருதே, அதுவும் இதேதானா?

இல்லை. குளோரின் கிருமியைக் கொல்லும் வாயு, திறந்து வைத்தால் பெரும்பாலும் ஒரே நாளில் பறந்துவிடும். உப்பில் இருப்பது குளோரைடு. அது எத்தனை நாள் வைத்தாலும் போகாது, காய்ச்சினால் இன்னும் கெட்டியாகும். குளோரின் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்துத் தொட்டிக்குத் தெளிக்கலாம். உப்புத் தண்ணீரை வைத்திருந்து பயன் இல்லை.

தென்னங்குழியில உப்புப் போடுறது எங்க ஐயா காலத்துப் பழக்கம். அது தப்பா?

தப்பில்லை, காரணத்தோடு வந்த பழக்கம். நம் செம்புறாங்கல் நிலம் காய்ந்தால் கடப்பாரை கூட இறங்காது. அந்த மாதிரிக் கெட்டி நிலத்தில் நடவுக்கு ஆறு மாதம் முன்பே குழிக்கு 2 கிலோ கல்லுப்புப் போடச் சொல்வது வேளாண் துறையினரும் ஒப்புக்கொண்ட பரிந்துரை. உப்பில் உள்ள சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும், பாறை மாதிரி இருந்தது இளகும். தென்னைக்குக் குளோரைடு சத்தும் தேவை.

கவனியுங்கள், ஆறு மாதம் முன்பே. இடையில் ஒரு மழைக்காலம் போய் உப்பு கரைந்து இறங்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். செம்புறாங்கல் குழிக்குள் அந்த நேரத்தில் புழுவும் இருக்காது, ஆகவே நஷ்டம் யாருக்கும் இல்லை. இன்று செய்வது என்ன? காய்க்கிற மரத்தடியில், இலைதழை மட்கி, புழு குடியிருக்கும் ஈர மண்ணில், குரும்பை உதிர்கிறது என்று கைநிறைய உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே இளக்க வேண்டிய பாறை எதுவும் இல்லை. இருக்கிற நல்ல மண்ணின் கட்டமைப்பைத்தான் அது கலைக்கும். குரும்பை உதிர்வதற்கு வேறு நூறு காரணம் உண்டு.

வாசல் கல்லிடுக்குல புல் முளைக்குது. உப்புத் தண்ணி ஊத்தினா போயிடும்னு சொல்றாங்க.

புல் போகும், கூடவே புழுவும் போகும், கடைசியில் சுவரும் போகும். கரைந்த உப்பு செங்கல்லிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் ஏறி, உலரும்போது உள்ளேயே படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். முட்டை வெள்ளைக்கரு போட்டு மெருகேற்றிய பழைய சுவரில் உப்புப் பூத்தால் இன்று அதைச் சரிசெய்யும் கொத்தனாரைத் தேடுவதே பெரிய வேலை. கொதிக்கும் வெந்நீரை ஊற்றுங்கள், அல்லது களைக்கொத்தியால் சுரண்டுங்கள்.

நத்தைக்கு உப்புப் போடலாமா?

தரையில் போடாதீர்கள். நத்தையைப் பொறுக்கி ஒரு வாளி உப்புத் தண்ணீரில் போடுவதோடு நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரையும் தோட்டத்தில் கொட்டவேண்டாம்.

ஊறுகாய் கெட்டுப்போச்சு, கருவாட்டுத் தலை நிறையக் கிடக்குது. புழுத்தொட்டியில போடலாமா?

ஊறுகாய், அப்பளம், வத்தல், உப்புக்கண்டம், கருவாடு எதுவும் வேண்டாம். சாதம் வடித்த கஞ்சி உப்பில்லாமல் இருந்தால் பரவாயில்லை. மிஞ்சிய குழம்பு சேர்ந்த சோறு கொஞ்சமாக, பெரிய தொட்டியில், ஓர் ஓரத்தில் மட்டும். கருவாட்டுத் தலையை எறிய மனமில்லை என்றால் இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசி, தூரமாக வேறு குழியில் இலைதழையோடு புதைத்து மட்கவிடுங்கள்.

புதுச் சாணியும் மாட்டு மூத்திரமும் இதே கணக்கில் சேரும். அவற்றில் உப்புகளும் அமோனியாவும் அதிகம். அதனால்தான் சாணியை ஆறவைத்து, இரண்டு வாரமாவது பழையதாக்கித் தொட்டியில் போடச் சொல்கிறார்கள்.

மழை பெஞ்ச மறுநாள் சிமென்ட் தரையில புழு செத்துக் கிடக்குது. இதுவும் உப்பாலதானா?

அல்ல. மழையில் நனைந்த தரையில் புழு வெகுதூரம் நகர முடியும், அதனால் வெளியே வருகிறது. சில வகைகளுக்கு நீர் நிரம்பிய மண்ணில் ஆக்சிஜனும் போதாது. திரும்புவதற்குள் வெயில் வந்துவிட்டால் தோல் காய்ந்து செத்துவிடும்.

சித்தி, நாங்க டொராண்டோவுல இருக்கோம். வீட்டு முன்னாடி நடைபாதையில வழுக்காம இருக்க உப்புப் போடுறோம். எங்க தோட்டத்துப் புழுவுக்கு என்ன ஆகும்?

பயப்படும் அளவுக்கு எங்கும் ஆகாது. ஆனால் ஓரத்தில் ஆகும். ரோட்டிலிருந்து தெறிக்கும் உப்பின் பெரும்பகுதி முதல் 10 மீட்டருக்குள் விழுந்துவிடும். வீட்டு நடைபாதை என்றால் இன்னும் குறுகிய ஓரம். அந்தப் பட்டையில்தான் புல் கருகும், புழு குறையும்.

காலமும் முக்கியம். கடும் பனியில் பெரிய புழுக்கள் மேலே இல்லை. லும்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற பெரிய வகை உறையும் மண்ணுக்கும் கீழே ஆழமான வளையில் இறங்கிவிடும். டென்ட்ரோபீனா ஆக்டீட்ரா என்று ஒரு சின்ன வகை, உடம்பில் குளுக்கோஸைக் கூட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே உறைந்து கிடந்து பிழைக்கும். பனி உருகும்போதுதான் சிக்கல்: நான்கு மாத உப்பு ஒரே வாரத்தில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும் அதே நாட்களில் புழு மேலே வரும், கூடுகள் பொரியும். பிறகு வசந்த மழை உப்பைக் கழுவும் என்பது பாதி உண்மை. குளோரைடு தண்ணீரோடு ஓடிவிடும், கடைசியில் கிணற்றிலும் ஓடையிலும் சேரும். சோடியம் அப்படிப் போகாது. களித்துகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தென்னங்குழிக் கேள்வியில் சொன்ன அதே வேலை, இங்கே கெடுதலாக: மண் கட்டி உடைந்து, துளைகள் அடைந்து, காற்றும் நீரும் போகாத சேறாகும். ரோட்டோரத்தில் படிந்திருக்கும் துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களும் உப்பால் இளகிப் புழுவுக்கு எட்டும் நிலைக்கு வரும்.

நீ செய்யக்கூடியது: முதலில் மண்வெட்டியால் பனியைத் தள்ளு, பிறகு மிஞ்சிய மெல்லிய பனிக்கட்டிக்கு மட்டும் கொஞ்சமாக உப்பு. உப்புக் கலந்த பனியைப் பூப்பாத்தி மேல் குவிக்காதே. பலரும் செய்யும் காரியம் அதுதான். கடும் குளிர் நாளில் உப்பு வேலை செய்யாது என்பதால் மணலைத் தூவு. உருகியதும் ஓரத்துப் பாத்திக்கு நல்ல தண்ணீர் நிறைய விடு.

கடையில ‘செடிக்குக் கேடில்லை’ன்னு போட்ட உப்பு விக்கிறாங்க. அது வாங்கினா போதுமா?

கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மண்ணின் கட்டமைப்பைச் சோடியம் மாதிரி உடைப்பதில்லை. ஆனால் புழுவின் தோலிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேலையை எல்லா உப்பும் செய்யும். அசிடேட் வகைகளில் குளோரைடே இல்லை. விலை பல மடங்கு, மட்கும்போது ஆக்சிஜனையும் தின்னும். பெயரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள்.

கனடாவுல மண்புழுவே வேண்டாத விருந்தாளின்னு படிச்சேன். அப்ப உப்புல செத்தா நல்லதுதானே?

நல்ல குறும்பான கேள்வி. படித்தது சரிதான். பனியுகத்தில் பனிப்பாறை மூடிய வட அமெரிக்கப் பகுதிகளில் 10,000 ஆண்டுகளுக்கு மேலாக மண்புழுவே இல்லை. இன்று அங்கே இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பியர் கொண்டுவந்த செடி மண்ணோடும் கப்பல் பாரத்தோடும் வந்தவை. புழு இல்லாமல் வளர்ந்த காடுகளில் அவை இலைச்சருகுப் படுகையைத் தின்று தீர்த்துக் கெடுதல் செய்கின்றன.

ஆனால் உப்பு காட்டுக்குள் போவதில்லை, ரோட்டோரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும்தான் விழுகிறது. அங்கே புழு செய்யும் நன்மை அதிகம். உப்பு புழுவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதுமில்லை. வேர், பூஞ்சை, தவளை, கிணற்று நீர் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போகும். காட்டுப் புழுவுக்கு மருந்து உப்பு அல்ல.

தொண்டி கடற்கரையில ஈர மணலைத் தோண்டினா புழு கிடைக்குதே, அது எப்படி வாழுது?

தூண்டிலுக்கு எடுப்பவற்றில் பல மண்புழு இனமே அல்ல, கால் மாதிரித் தூரிகை உள்ள கடற்புழுக்கள். ஆனால் உண்மையான மண்புழு ஒன்றும் கடலோரத்தில் உண்டு: பொன்டோட்ரிலஸ் லிட்டோராலிஸ். உலகின் வெப்பக் கடற்கரைகள் முழுக்க அலை ஒதுக்கிய குப்பைக்கு அடியில் இருக்கும். உப்புக்கு ஏற்றபடி தன் உடம்பு நீரை மாற்றிக்கொள்ளத் தெரிந்த அபூர்வ வகை. அதைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டால் உப்புப் பிரச்சினை தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். தீராது. அது எரு தின்று உரம் கொடுக்கும் புழு அல்ல.

யூரியா, பொட்டாஷ் போடுறதும் உப்புதானே?

யூரியா உப்பு அல்ல. பொட்டாஷ் உப்புதான், கடையில் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. செடி எடுத்துக்கொள்வதால் அதில் உள்ள பொட்டாசியம் சோடியம் மாதிரித் தங்காது. ஈர மண்ணில் பிரித்துப் பிரித்து, கொஞ்சமாகப் போட்டால் புழு சமாளிக்கும். காய்ந்த மண்ணில் ஒரே இடத்தில் குவித்தால் அந்த இடம் காலி.

மண்ணுல உப்பு இருக்கான்னு வீட்டிலயே பாக்க வழி உண்டா?

உண்டு, புழுவையே கேட்கலாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அட்டையால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் சந்தேகமான மண், மறு பாதியில் நிச்சயமாக நல்லது என்று தெரிந்த அதே மாதிரி மண். இரண்டிலும் ஒரே அளவு ஈரம் இருக்கவேண்டும், மழைத் தண்ணீரால் நனையுங்கள். அட்டையை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் 10 புழுக்களை வையுங்கள். துளையிட்ட மூடி போட்டு 48 மணி நேரம் விடுங்கள். பிறகு அதே இடத்தில் அட்டையைச் செருகி இரண்டு பக்கமும் எண்ணுங்கள். சந்தேக மண்ணில் இரண்டுக்கும் குறைவாகவே இருந்தால் அந்த மண் புழு வாழத் தகுதியற்றது. ஆய்வகங்களிலும் இதே முறைதான், இதே வரம்புதான். அவர்கள் பல டப்பாக்களில் செய்வார்கள்; நீங்களும் மூன்றிலாவது செய்யுங்கள்.

எண் வேண்டும் என்றால் மண் பரிசோதனையில் மின் கடத்துத்திறன் என்ற வரியைப் பாருங்கள், உப்பு கூடக் கூட அந்த எண் ஏறும். மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸுக்குக் (dS/m) கீழே இருந்தால் பயிருக்கு உப்புத் தொல்லை இல்லை. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் மண் எடுக்கும் முறையைச் சொல்வார்கள். தண்ணீரைப் பார்க்க, கரைந்த உப்புகளை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும்.

உப்பு ஏறிப்போச்சு. இப்ப என்ன பண்றது?

தோட்டம் என்றால் முதலில் உப்பு வரும் வழியை அடைத்துவிடுங்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மருந்து. பாத்திக்கு வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தி, ஆழமாக இறங்கவிடுங்கள். நம் செம்மண்ணில் தண்ணீர் சுலபமாக இறங்கும், உப்பும் கூடவே போகும். கண்மாய் வண்டல் அடித்த தோட்டம் என்றால் களி அதிகம், சோடியம் விடாது. அங்கே மழைக்கு முன் ஜிப்சம் தூவவேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும், மழை அதை அடித்துப்போகும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள். கோடையில் தரையை வெறுமையாக விடாமல் தென்னை மட்டை, சருகு, வைக்கோல் போட்டு மூடினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

தொட்டி என்றால் சுலபம். அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத தொட்டியில் உப்பு எங்கேயும் போக முடியாது. புழுவைப் பிரித்து, நல்ல மழைநீரில் நனைத்த புதுப் படுகையில் விடுங்கள். பழைய உரத்தை மழையில் நனையவிட்டு வடியவிடுங்கள்.

அந்த உரத்தை அப்புறம் விக்கலாமா ஆச்சி?

நகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்துக்கு அரசு விதித்திருக்கும் மின் கடத்துத்திறன் வரம்பு 4 (dS/m). அதற்குக் கீழே வந்துவிட்டால் உப்பளவில் பிழையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் நாற்று வளர்ப்பவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. விதை முளைக்கும் பருவத்தில் உப்பு தாங்காது. வேம்பு, தென்னை, புளி மாதிரிப் பெரிய மரத்துக்கு, மண்ணோடு கலந்து போடச் சொல்லிக் கொடுக்கிறேன். மூட்டையில் அதை எழுதியும் ஒட்டிவிடுகிறேன், விலையும் பாதிதான்.